எங்களுடையது பழைய, பெரிய டேட்டாபேஸ். மேலாளர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வியை டேட்டாபேஸ் குவெரியாக மாற்ற நாலெட்ஜ் கிராஃப் (பொருள்களையும் அவற்றுக்கிடையே உள்ள உறவுகளையும் வலைபோல எழுதிவைப்பது) தேவையா? ஸ்கீமாவை, அதாவது டேபிள்கள், ஃபீல்டுகளின் வரைபடத்தை, மொழி மாடலிடம் கொடுத்தால் போதாதா?

ஐந்தாறு டேபிள்தான் இருக்கின்றன, பெயர்களும் பார்த்தவுடன் புரிகின்றன என்றால் போதும். கிராஃப் எல்லாம் வேண்டாம். ஆனால் நீங்கள் சொல்வது டேட்டாபேஸில் குவெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல் தெரியாத மேலாளர்கள் கேள்வி கேட்கப்போகும் பழைய, பெரிய டேட்டாபேஸ். அங்கே கதை வேறு.

இன்றைய மொழி மாடல்கள் எஸ்க்யூஎல் இலக்கணத்தில் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. பிழைச் செய்தி வந்தால் அதையே திருப்பிக் கொடுங்கள், சரிசெய்துவிடும். பயப்பட வேண்டியது பிழையே இல்லாமல் ஓடித் தவறான எண்ணைக் கொடுக்கும் குவெரிக்கு. ஆர்டர் டேபிளைத் தவணை டேபிளோடு இணைத்து ஆர்டர் தொகையைக் கூட்டினால், மூன்று தவணையில் பணம் கட்டியவரின் ஆர்டர் மூன்று முறை கணக்கில் ஏறும். வருகிற எண் நம்பும்படியாகவே இருக்கும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரு ஆர்டருக்குப் பல தவணை உண்டு என்பதையோ, நிலை என்ற ஃபீல்டில் 3 இருந்தால் ஆர்டர் ரத்தானது என்பதையோ ஸ்கீமா வாய்விட்டுச் சொல்வதில்லை. அது கணக்குப் பிரிவில் பல வருடமாக இருப்பவரின் தலைக்குள் இருக்கிறது. கிராஃப் என்பது அதை எழுதிவைக்கும் இடம்.

கிராஃப் மீது கேள்வி கேட்டால் என்ன நடக்கிறது என்று பார்க்க விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமான விக்கித்தரவு (உலகத் தகவல்களின் திறந்த கிராஃப்) நல்ல இடம், யாரும் இலவசமாகச் செய்து பார்க்கலாம். ‘தமிழ்நாட்டில் பிறந்து நோபல் பரிசு வாங்கியவர்கள் யார்?’ என்று எடுத்துக்கொள்வோம். 1930இல் இயற்பியலுக்கு வாங்கிய சி. வி. ராமன் வர வேண்டும், அவர் திருச்சியில் பிறந்தவர். 2009இல் வேதியியலுக்கு வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் வர வேண்டும், பிறந்தது சிதம்பரம். 1983இல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர் வரக்கூடாது. தமிழர்தான், ஆனால் பிறந்தது லாகூரில்.

முதல் வேலை, ‘தமிழ்நாட்டில்’ என்பதிலிருந்து தமிழ்நாட்டைக் கண்டுபிடித்து அதன் அடையாள எண்ணான கியூ1445க்குப் போவது. இதை மாடலின் ஞாபகத்துக்கு விடாதீர்கள். கொஞ்சமும் தயங்காமல் வேறு எதனுடைய எண்ணையோ எழுதித் தந்துவிடும். தனியாக ஒரு தேடல் வைத்து, கிடைத்த எண்ணை மாடலிடம் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

அப்புறம் உறவுகள். பி19 என்றால் பிறந்த இடம், பி166 என்றால் பெற்ற விருது. இரண்டையும் நேராகப் போட்டு ‘பிறந்த இடம் தமிழ்நாடு, விருது நோபல் பரிசு’ என்று குவெரி எழுதினால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்பும். ஏனென்றால் பிறந்த இடமாகப் பதிவாகியிருப்பது ஊர், மாநிலம் அல்ல. ஊரிலிருந்து மாவட்டம், மாநிலம் என்று பி131 (எந்த நிர்வாகப் பகுதிக்குள் இருக்கிறது என்ற உறவு) வழியாக எத்தனை படி வேண்டுமானாலும் மேலே ஏறிப் பார்க்கச் சொல்ல வேண்டும். விருதும் அப்படித்தான், பதிவில் இருப்பது ‘இயற்பியலுக்கான நோபல் பரிசு’. அது நோபல் பரிசில் ஒரு வகை என்ற இணைப்பையும் சேர்த்துப் பின்தொடர வேண்டும். கிராஃப் மீது குவெரி எழுதும் ஸ்பார்க்கிள் மொழியில் இந்தப் படியேற்றம் ஒரு கூட்டல் குறியில் முடிந்துவிடும். எஸ்க்யூஎல்லில் அதற்கே தன் விடையையே எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஓடும் ரிகர்சிவ் குவெரி எழுத வேண்டும். (ராமன் பிறந்த 1888இல் அது சென்னை மாகாணம். அவரைச் சேர்ப்பதா என்பதை எந்தக் கிராஃபும் முடிவு செய்யாது, கேட்டவர்தான் சொல்ல வேண்டும்.)

சரி, அலுவலக டேட்டாபேஸில் இது எவ்வளவு உதவும்? 2023இல் டேட்டா.வேர்ல்டு நிறுவன ஆய்வாளர்கள் ஒரு காப்பீட்டுத் துறை ஸ்கீமாவை வைத்து ஜிபிடி-4 என்ற மொழி மாடலைச் சோதித்தார்கள். எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் மீது நேரடியாகக் கேட்டபோது சுமார் 16 சதவீதம்தான் சரி. அதே தரவை நாலெட்ஜ் கிராஃபாகக் காட்டியபோது 54. அவர்கள் விற்பதே கிராஃப் சார்ந்த பொருள் என்பதால் அந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அடுத்து அவர்கள் செய்த வேலை. மாடல் எழுதிய குவெரியை ஓட்டும் முன் ஆன்டாலஜியோடு (எந்த வகைப் பொருளுக்கு எந்த உறவு பொருந்தும் என்று கிராஃபுக்கு எழுதிவைத்த விதிகளோடு) ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் காரணத்தோடு திருப்பி அனுப்பினார்கள். உதாரணமாக, பாலிசிதாரருக்கு மட்டுமே உரிய ஓர் உறவை ஏஜென்ட் மீது போட்டிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இப்படித் திருத்த வைத்ததில் சரியான விடைகள் 72 சதவீதத்துக்கு ஏறின. தப்பு என்று எதை வைத்துச் சொல்வது என்பதற்கு வெறும் ஸ்கீமாவில் இவ்வளவு பிடிமானம் கிடையாது. கிராஃப் கட்டும் செலவை நியாயப்படுத்துவது என் கணக்கில் இதுதான்.

இதற்காகத் தரவை வேறு டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். எந்த டேபிளின் எந்த ஃபீல்டு கிராஃபில் எதற்குச் சமம் என்று எழுதிவைக்க ஆர்2ஆர்எம்எல் என்ற தரமுறை 2012 முதல் இருக்கிறது. ஆன்டாப் போன்ற திறந்த மூலக் கருவிகள் அதைப் படித்து, ஸ்பார்க்கிள் குவெரியை எஸ்க்யூஎல்லாக மாற்றி உங்கள் பழைய டேட்டாபேஸிலேயே ஓட்டும்.

முழு நிறுவனத்துக்கும் ஒரே மூச்சில் கிராஃப் போடவும் வேண்டாம். மேலாளர்கள் உண்மையில் கேட்கும் கேள்விகளில் ஒரு இருபதைச் சேகரித்து, அவற்றுக்கு வேண்டிய அளவு மட்டும் வரையுங்கள். பக்கத்தில் கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், புரோகிராமர்கள் மட்டும் கூடி எழுதினால் ஸ்கீமாவின் நகல்தான் மிஞ்சும். பதிலைக் காட்டும்போது, மாடல் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டது என்பதையும் ஒரு வரியில் காட்டுங்கள்: ‘ரத்தான ஆர்டர்கள் நீங்கலாக, ஏப்ரல் முதல் இன்றுவரை’ என்பதுபோல. ‘இல்லை, நான் கேட்டது போன நிதியாண்டு’ என்று மேலாளரே திருத்திவிடுவார்.