நைட்ரிக் ஆக்சைடும் புற்றுக்கட்டியின் ரத்தக்குழாய்களும்: கேள்வி பதில்

கேள்வி: கட்டி வளர்வதில் இந்த வாயுவுக்கு என்ன வேலை?

பதில்: ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் ஊடுருவும். கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டினால் நடுவில் இருக்கும் செல்களுக்கு மூச்சு முட்டும். புதுக் குழாய் இல்லாமல் கட்டி பெரிதாகாது என்று 1971-லேயே அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னார். திணறும் செல்கள் விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும். அது பக்கத்துக் குழாயின் உட்சுவரில் போய் ஒட்டியதும், அங்குள்ள நொதி அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும். அதன் ஆயுள் சில நொடிதான். அதற்குள் குழாய் விரியும், சுவர் கசியும், உட்சுவர் செல்கள் கட்டியை நோக்கி நகரத் தொடங்கும்.

கேள்வி: சிரிப்பு வாயுதானே இது?

பதில்: இல்லை. அது நைட்ரஸ் ஆக்சைடு.

கேள்வி: பீட்ரூட் சாறு குடித்தால் கட்டி வளருமா?

பதில்: பீட்ரூட்டிலுள்ள நைட்ரேட் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாக மாறும்தான், ஆனால் சாப்பாட்டு அளவுக்குப் பயம் வேண்டாம். அர்ஜினின் பொடி வேறு கதை. சிகிச்சையில் இருப்பவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கேள்வி: நான் ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுசெல்கள் நைட்ரிக் ஆக்சைடு பட்டதும் செத்தன. நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்களே?

பதில்: எவ்வளவு விட்டீர்கள்? நானோமோலார் என்ற மிகக் குறைந்த செறிவில் அது குழாயை வளர்க்கும். அதைவிட ஆயிரம் மடங்கான மைக்ரோமோலார் அளவுக்கு ஏற்றினால் செல்லைக் கொல்லும்.

கேள்வி: அப்படியானால் இரண்டும் சரி என்று நழுவுகிறீர்கள்.

பதில்: நழுவவில்லை ஐயா, உங்கள் தட்டில் ரத்தக்குழாயே கிடையாது! அளவோடு இடமும் முக்கியம். எலிகளில் வளர்த்த மூளைக்கட்டியில், புற்றுசெல்கள் தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடை மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். குழாய்ச் சுவரில் சுரப்பதைத் தொடவில்லை. கோணல்மாணலாகக் கிடந்த குழாய்கள் சீரடைந்தன, ஆக்சிஜன் உள்ளே போனது, கதிர்வீச்சும் நன்றாக வேலை செய்தது. வாயு எல்லா இடத்திலும் பரவிக் கிடந்தால் முளைக்கும் குழாய்க்குத் திசை தெரியாது. குழாயை ஒட்டி அதிகம், தள்ளிப் போனால் குறைவு என்ற சரிவு வேண்டும்.

கேள்வி: அர்ஜினின் பொடி எடுக்கலாமா?

பதில்: மேலே பீட்ரூட் கேள்விக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பெவாசிஸுமாப் ஊசி போட்டபின் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது. ஏன்?

பதில்: அந்தப் புற்றுநோய் மருந்து விஇஜிஎஃப்-ஐப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போது உடம்பிலுள்ள நல்ல குழாய்களிலும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்து அவை இறுகும். அழுத்தம் ஏற இது ஒரு முக்கியக் காரணம். தினமும் அளந்து எழுதி, அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். கடும் தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் அதுவரை காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.