பழைய ஜீப்பும் இழுத்துச் சுற்றும் இன்ஜினும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என்னிடம் 1990 மாடல் மஹிந்திரா எம்எம் 540 டீசல் ஜீப் இருக்கிறது. காலைக் குளிரில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. புது பேட்டரி போட்டும் பலனில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரை ரீவைண்டிங் (உள்ளிருக்கும் கம்பிச் சுற்றான காயிலைப் புதிதாகச் சுற்றுவது) செய்யச் சொல்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
- வாசகர், கொடைக்கானல்

பதில்: அவசரப்படாதீர்கள். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் சாவியைத் திருப்ப ஓர் ஆளும் இருந்தால், ஸ்டார்ட்டரைக் கழற்றாமலே கோளாறு எங்கே என்று பார்த்துவிடலாம்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு இன்ஜின் பிடித்துவிடாதபடி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஐந்து விநாடி சுற்றச் சொல்லுங்கள். மீட்டர் முனைகளைக் கிளாம்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே வையுங்கள். 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் உள்ளே உரசுகிறது. 11-க்கு மேலேயே நின்றும் இன்ஜின் மெதுவாகச் சுற்றினால், பேட்டரியிலிருக்கும் மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை.

பழைய ஜீப்களில் இதுதான் அதிகம். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் குமிழிலும், இன்னொன்றை ஸ்டார்ட்டருக்குக் கேபிள் வந்து சேரும் தடித்த போல்ட்டிலும் வைத்துச் சுற்றுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அடுத்து இன்ஜின் பிளாக்குக்கும் நெகட்டிவ் குமிழுக்கும் இடையே பாருங்கள்: 0.3-க்குள் இருக்க வேண்டும். 250 ஆம்பியர் ஓடும்போது 0.004 ஓம் தடையே 1 வோல்ட்டைத் தின்றுவிடும். மூன்று முறை சுற்றியதும் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடம்தான் கோளாறு. கேபிள் முனையிலுள்ள உலோக லக்குக்கு அருகே ரப்பரைச் சற்று விலக்கினால் பல சமயம் செம்பு பச்சை பூத்துக் கிடக்கும். அந்தக் கேபிளைச் சுரண்டிப் பயனில்லை, மாற்றுங்கள்: குறைந்தது 35 சதுர மில்லிமீட்டர் செம்பு, லக் அழுத்திப் பொருத்தியதாக.

எர்த் பட்டையை மறந்துவிடாதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேஸிஸுக்கும் இடையே தடித்த பட்டை கட்டாயம் வேண்டும். கிளட்ச் வேலையின்போது கழற்றியதைத் திரும்ப மாட்டாமல் விடுவது பட்டறைகளில் சகஜம். அப்போது மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அதையும் பொசுக்கும்.

இவையெல்லாம் சரியென்றால்தான் ஸ்டார்ட்டரைக் கழற்ற வேண்டும். அப்போதும் முதலில் பாருங்கள் புஷ்களை, அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் வளையங்களை. அவை தேய்ந்தால் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சாய்ந்து உரசும், அதன் மேல் பளபளவென்று கீறல் தெரியும். வெண்கலப் புஷ்ஷை ஓர் இரவு இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் பொருத்தச் சொல்லுங்கள், கார்பன் பிரஷ்ஷையும் மாற்றிவிடுங்கள். காயில் கருகியிருந்தால் மட்டுமே ரீவைண்டிங். மலைக்குளிருக்கு 20டபிள்யூ-50 ஆயில் கெட்டி, 15டபிள்யூ-40 போதும். க்ளோ பிளக் (குளிரில் இன்ஜினைச் சூடேற்றும் பிளக்) உள்ள இன்ஜினில் ஈத்தர் ஸ்ப்ரே மட்டும் அடிக்காதீர்கள், வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும்.

கேள்வி: என் டீசல் ஜீப் வேகமாகத்தான் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க 15 விநாடி ஆகிறது. டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் பம்ப்பை அடித்தால் உடனே பிடிக்கிறது. ஏன்?
- வாசகர், வால்பாறை

பதில்: பாதி பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரவில் எங்கோ காற்று புகுந்து, டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. டீசல் குழாய்களை இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்ட்களின் செம்பு வாஷர்களை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் புதிதாகப் போடுங்கள். ஃபில்டர் சீலையும் வெடித்த ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். இன்ஜெக்‌ஷன் பம்புக்கு வரும் லைனில் உள்ளே தெரியும்படியான ஒரு சாண் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டுங்கள். காலையில் அதில் குமிழி தெரிந்தால், காற்று புகும் இடத்தை அங்கிருந்து டேங்க் பக்கமாகத் தேடிப் போகலாம்.