காலையில் நீலப் புகை விடும் காருக்கு 3 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: பேரணாம்பட்டில் 2014 மாடல் பெட்ரோல் கார் ஒன்று 3.80 லட்சத்துக்கு வருகிறது. கையில் 80,000 ரூபாய் இருக்கிறது. மீதி 3 லட்சத்துக்கு 14% வட்டியில் 5 வருடக் கடன் கிடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து அடங்கியது. "பனிக்கு அப்படித்தான்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: அட்வான்ஸ் இப்போது வேண்டாம். பனிக்கு வருவது வெள்ளை ஆவி. சைலன்சரில் தேங்கிய ஈரம் சூடானதும் வெளியேறி, சில நிமிடங்களில் நின்றுவிடும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அது எந்த வழியாக எரியும் இடத்துக்குப் போகிறது என்பதைப் பொறுத்து உங்கள் செலவு சில ஆயிரத்திலும் முடியலாம், அரை லட்சத்தையும் தாண்டலாம்.

மறுபடி போகும்போது காலை ஆறு மணிக்குப் போங்கள். நீங்கள் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் திரும்பிவிடுங்கள், இன்னொரு நாள் பார்க்கலாம். ஸ்டார்ட் செய்தபோது மட்டும் நீலமாக வந்து நின்றால் பெரும்பாலும் வால்வு வழியாக ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான வால்வு சீல் இறுகிப்போயிருக்கிறது. இரவில் கசிந்த ஆயில் காலையில் எரிகிறது.

பிறகு பத்தலப்பல்லி மலைப்பாதையில் ஓட்டிப் பாருங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து அரை நிமிடம் இறங்கவிட்டு, சட்டென்று மிதியுங்கள். பின்னால் பைக்கில் ஒருவர் வந்து பார்க்கட்டும். மிதித்த கணத்தில் மட்டும் நீலப் புகை குப்பென்று வந்தால் அதுவும் வால்வு சீல்தான். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் மீது சந்தேகம்; ரிங் என்றால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். ஆயில் எரிந்துகொண்டே இருந்தால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் கெடும், அது தனிச் செலவு.

சந்தேகத்தைத் தீர்ப்பது, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது; ஏறாவிட்டால் வால்வு பக்கம் பாருங்கள். அதற்கு முன் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கையும், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வையும் பார்த்துவிடுங்கள். ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும், அந்தச் சின்ன வால்வு அடைத்திருந்தாலும் இதே நீலப் புகை வரும். இரண்டும் சுலபமாகத் தீரும்.

இனி கடன். 3 லட்சத்துக்கு 5 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 6,980. வட்டி மட்டும் 1.19 லட்சத்தை நெருங்கும். 2014 வண்டியின் ஆர்.சி. 2029-இல் முடியும், தவணை அதற்குப் பிறகும் ஓடும். மூன்றே வருடத்தில் அடைத்தால் தவணை சுமார் 10,250, வட்டி 69,000. என் கவலை வட்டியைவிட அந்த 80,000 மீதுதான். அது முழுவதும் வண்டிக்குப் போய்விட்டால், பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் கை கடிக்கும். இரண்டாம் மாதம் ரிங் வேலை வந்தால் வீட்டு நகைதான் அடகுக்குப் போகும்.

சீல் மட்டும்தான் என்றால் மெக்கானிக்கிடம் செலவை எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறையுங்கள். குறைந்தது 30,000 ரூபாய் உங்கள் கையில் மிஞ்ச வேண்டும். ரிங் என்றால் விட்டுவிடுங்கள். "நானே சரி செய்து தருகிறேன்" என்று விற்பவர் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கெட்டியான ஆயிலை ஊற்றினால் புகை சில வாரம் அடங்கியிருக்கும், அதற்குள் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியிருக்கும்.