ஆம்லெட் ஏன் சில நாள் ரப்பர் போல ஆகிவிடுகிறது?

ஆம்லெட் என்பது அடித்த முட்டையைச் சூடான கல்லில் ஊற்றி உறையவைப்பதுதான். உறைவது முட்டையில் உள்ள புரதம். பச்சை முட்டையில் அது நூல் உருண்டைகளாகச் சுருண்டு கிடக்கிறது, சுற்றிலும் தண்ணீர். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். சூடு பட்டதும் உருண்டைகள் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, அந்தத் தண்ணீரை வலைபோலப் பிடித்துவைக்கின்றன. சுமார் 70 டிகிரி செல்சியஸிலேயே இது நடந்துவிடும். அதற்கு மேலும் கல்லில் விட்டால் வலை இறுகி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோலத் தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. அதனால்தான் வாயில் போட்டு மெல்லும்போது இழுபடுகிறது.

காலை அவசரத்தில் தீயைக் கூட்டுகிறோமே, அங்கேதான் கெடுகிறது. இரண்டு முட்டைக்கு மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் தாராளம். சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் முதலிலேயே எண்ணெயில் வதக்கிவிடுங்கள். பச்சையாகப் போட்டால், வெங்காயம் வேகட்டும் என்று காத்திருந்து முட்டையைக் காயவிடுவோம். ஓரம் கல்லைவிட்டு எழும்பி, நடுவில் பளபளப்பு மங்கும்போது திருப்புங்கள். எனக்குப் பிடித்த நொடி அது!

பழுப்புப் புள்ளிகள் விழுந்தால்தான் வெந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நீர்த்தன்மை இல்லாமல் முழுதும் உறைந்திருந்தாலே முட்டை வெந்துவிட்டது.