அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க இரண்டு படங்கள்

வணக்கம். அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கும் அப்பாவுக்கு வெட்டுக்குத்து, இரைச்சல் இல்லாத படமாக வேண்டும், ஊரில் பயிர் வைத்த மனிதர் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் முதலில் 'கடைசி விவசாயி' (2022) போடுங்கள். மணிகண்டன் இயக்கியது. குலதெய்வத்துக்குப் படைக்க நெல் வேண்டும். ஊரில் இன்னும் விவசாயம் பார்ப்பவர் மாயாண்டித் தாத்தா ஒருவர்தான். மயில்களைக் கொன்றதாக அவர்மேல் வழக்கு வருகிறது. நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அவருக்குத் தன்னைப் பற்றிக் கவலையில்லை, வயலில் பயிர் வாடுமே என்றுதான் தவிக்கிறார். அந்த இடத்தில் என் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மாயாண்டியாக வரும் நல்லாண்டி தொழில்முறை நடிகர் இல்லை. படம் வெளியாகும் முன்பே இறந்துவிட்டார். படம் மெதுவாகத்தான் போகும். உங்கள் அப்பாவுக்கு அதுவே பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், போன வாரம் மறுபடி பார்த்த 'மெய்யழகன்' (2024). கல்யாண மேடையில் தங்கை, அண்ணன் கொண்டுவந்த நகைகளை அங்கேயே பிரித்துப் போட்டுக்கொள்வாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பேச்சு அதிகம், நீளமும் அதிகம். இரண்டு நாளாகப் பிரித்துப் பாருங்கள்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) எனக்கு உயிர். ஆனால் இப்போது வேண்டாம், முடிவு மனதைப் பிசைந்துவிடும். அப்பா தேறியதும் பாருங்கள். மாயாண்டியைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று கட்டாயம் எழுதுங்கள்.