நிலாவெளியில் முங்கிவிட்டு அன்றைக்கே நுவரெலியாவுக்கு வேன் ஏறலாமா?

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். திருகோணமலைக்குப் போய்ப் பதினொரு வருடம் சுழியோடிகளுக்கு வழிகாட்டியாக இருந்தேன். இப்போது ஹட்டனில் தையல் கடை வைத்திருக்கிறேன். மலையிலிருந்து கடலுக்குப் போகிறவர்கள் இவ்வளவு பேரா என்று உங்கள் கடிதங்களைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிலாவெளியில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு முங்குவது) செய்துவிட்டு, ஞாயிறு பகலே வேனில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். விமானத்தில்தான் ஏறக்கூடாது என்று வகுப்பில் சொன்னார்கள். வேனில் வரலாம்தானே? – நுவரெலியா வாசகர்

வரக்கூடாது. உங்களுக்குப் பாடம் எடுத்தவருக்கு வீடு கடற்கரையில் இருக்கும். உங்கள் வீடு மேகத்துக்குள் இருக்கிறது.

கண்டியில் வாங்கிய முறுக்குப் பைக்கற் றம்பொடை தாண்டும்போது உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது, அதனால்தான். ஆழத்தில் நீங்கள் சுவாசித்த காற்றிலுள்ள நைதரசன் அழுத்தத்தால் உடம்பில் கரைந்திருக்கும். கரைக்கு வந்த பிறகும் அது மணிக்கணக்காக மூச்சோடு வெளியேறிக்கொண்டிருக்கும். அது முடியுமுன் மலை ஏறினால் இரத்தத்திலும் மூட்டுகளிலும் குமிழி கட்டலாம். வேனா, பஸ்ஸா, விமானமா என்று உடம்பு பார்ப்பதில்லை.

விமானப் பயணத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: ஒரே ஒரு தடவை முங்கியிருந்தால் குறைந்தது 12 மணித்தியாலம், பல தடவை அல்லது பல நாள் முங்கியிருந்தால் 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். அது 610 முதல் 2,440 மீற்றர் வரையான உயரத்துக்குச் சமமான அழுத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர். ஹட்டன், பண்டாரவளைக்காரர்களும் இதற்குள்தான் வருகிறீர்கள். கண்டியில் படுத்து எழும்பிப் போகலாமே என்று கேட்க வேண்டாம், அந்த இரவைக் கடலோரத்திலேயே கழியுங்கள்.

நான் சொல்வது இதுதான்: வெள்ளி, சனியில் முங்குங்கள். ஞாயிறு காலை கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு வேன் ஏறுங்கள். அப்படியும் வீட்டுக்கு வந்தபின் மூட்டு வலி, மரத்துப்போதல், காரணமில்லாத களைப்பு என்று ஏதாவது இருந்தால் ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக “கடலில் சுழியோடிவிட்டு வந்தேன்” என்று சொல்லுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் மலையில் இருக்கும் டொக்டருக்கு அது நினைவுக்கு வர நியாயமில்லை.

போன ஓகஸ்டில் கோர்ஸ் முடித்தேன். நான்கு தடவை முங்கியிருக்கிறேன். மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் வந்தாலே மேலே ஓடிவிடத் தோன்றுகிறது. அடுத்த சீசனுக்குள் இந்தப் பயம் போக இங்கே என்ன செய்யலாம்? பக்கத்தில் நீச்சல் தடாகம்கூட இல்லை. – ஹட்டன் ஆசிரியை ஒருவர்

டீச்சர், நான் ஓடியே இருக்கிறேன். ஐந்தாவது தடவை, ஆறு மீற்றர் ஆழத்தில். முன்னால் போனவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு என் மாஸ்க்கைத் தட்டிவிட்டது. மூக்கு நிறைய உப்புத் தண்ணீர். காலை உதைத்துக் கிளம்பிவிட்டேன். பயிற்றுநர் என் ஜாக்கெட் (மிதப்பதற்குக் காற்று நிரப்பும் அங்கி) வாரைப் பிடித்து நிறுத்தி, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து விழாதபடி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டார். நாலைந்து மூச்சு உள்ளே போன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது: மூக்கில் தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் மூச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது. கரைக்கு வந்ததும் அவர் ஏசவில்லை. தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் அதே மாஸ்க்கை இடுப்பளவு தண்ணீரில் இருபது தடவை கழற்றிப் போட வைத்தார். அன்றைக்கு அவரை மனதுக்குள் சபித்தேன்.

உங்களுக்குப் பிரச்சினை மாஸ்க் இல்லை. மூக்கு நனைந்தால் மூச்சை அடைக்கச் சொல்லி உடம்பு பழகியிருக்கிறது, அதைத்தான் மாற்ற வேண்டும். அதற்குக் கடல் தேவையில்லை, ஒரு பேசின் போதும். தண்ணீரை இளஞ்சூடாக்கிக்கொள்ளுங்கள் (ஹட்டன் பைப் தண்ணீரில் முகத்தை வைப்பது பயிற்சி இல்லை, தண்டனை). ஸ்நோர்க்கலை (வாயில் வைக்கும் மூச்சுக் குழாயை) கடித்துக்கொண்டு, மாஸ்க் இல்லாமல் முகத்தை அமிழ்த்தி வாயால் மட்டும் மூச்சு விடுங்கள். முதல் நாள் மூன்று மூச்சுக்கே தலை தூக்கிவிடுவீர்கள். பரவாயில்லை. வாரத்தில் நாலு நாள் செய்தால், ஒரு மாதத்தில் ஐந்து நிமிடம் சும்மா கிடக்கலாம். அப்புறம் வாயால் இழுத்து மூக்கால் விடப் பழகுங்கள். மாஸ்க்கிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவதில் பாதி வேலை அதுதான். மீதிப் பாதி, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்துவது. வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சீசன் தொடங்கியதும் நேரே புறாமலைத் தீவுக்குப் படகேறாதீர்கள். முதல் நாள் மீள்பயிற்சி கேளுங்கள்: இரண்டு மீற்றர் ஆழம், மணலில் முழங்கால், முதலில் கால் மாஸ்க் தண்ணீர், பிறகு அரை, பிறகு முழுவதும். “எனக்கு இதில் பயம்” என்று வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பதினொரு வருடத்தில் என்னைக் கஷ்டப்படுத்தியவர்கள் பயந்தவர்கள் இல்லை, பயத்தை மறைத்தவர்கள்தான்.

மேலே ஓடுவது ஏன் ஆபத்து என்பதையும் மறக்க வேண்டாம். 10 மீற்றரில் இழுத்த ஒரு மூச்சு மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காக விரிகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு வந்தால், ஆள் உயரத் தண்ணீரிலிருந்துகூட நுரையீரல் கிழியலாம்.

கூட வருகிறவர்கள் 50 நிமிடம் இருக்கிறார்கள். எனக்கு 30 நிமிடத்திலேயே காற்று முடிகிறது. மூச்சைச் சிக்கனமாக விடுவது எப்படி? – பண்டாரவளை, வயது 23

சிக்கனம் பிடிக்காதீர்கள் தம்பி. மூச்சை நிறுத்தி நிறுத்தி விட்டால் கரியமிலவாயு சேர்ந்து தலையிடிதான் வரும். மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக விடுங்கள். 20 மீற்றரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேற்பரப்பில் போவதைப்போல மூன்று மடங்கு காற்று போகும். அதனால் தொடக்கத்தில் ஆழம் குறைத்துப் போவதே பெரிய சேமிப்பு.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு, தாழ்வதற்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி மீதுதான் சந்தேகம். அவசரத்தில் புதியவர்களின் இடுப்பில் தேவைக்கு மேல் கட்டிவிடும் கடைகள் உண்டு. எனக்கே ஓரிடத்தில் பத்துக் கிலோ கட்டினார்கள். ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி நிரப்பி, தலை மேலும் கால் கீழுமாகக் கடலை உழுதுகொண்டு போனேன். இப்படிப் பாருங்கள்: ஜாக்கெட்டைக் காலியாக்கி, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை விட்டால் தாழ வேண்டும். சிலிண்டர் நிறைந்திருக்கும்போது பார்த்தால், அது காலியாகும்போது குறையும் எடைக்காக ஏறத்தாழ இரண்டு கிலோ கூட்டுங்கள். அப்புறம் கையை வீசாதீர்கள், மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றின் அழுத்தத்தை அளவுமானி 50 பார் என்று காட்டும்போது நீங்கள் படகுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மட்டக்களப்பில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் கப்பலை எப்போது பார்க்கலாம்? – அதே தம்பி

இப்போதைக்கு இல்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. உங்கள் முதல் சான்றிதழுக்கு எல்லை 18 மீற்றர். பொழுதுபோக்குக்கு முங்குகிறவர்களுக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும் 40தான்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா கோயில் இருக்கிறதே, அங்கே முங்கிப் பழகலாமா? – மஸ்கெலியா வாசகர்

வேண்டாம். குளிர், கலங்கல், அடியில் சேறு, இடிந்த சுவர்கள். அனுமதி இல்லாமல் இறங்கும் இடமும் இல்லை. அதோடு 300 மீற்றருக்கு மேலுள்ள நீர்நிலைகளில் முங்குவதற்குக் கணக்கே வேறு, அதைத் தனியாகப் படிக்க வேண்டும்.

என் அப்பாயிக்குக் கல்யாணம் நடந்தது அந்தப் பழைய கோயிலில்தான். பஸ் அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் தண்ணீரைக் காட்டி “அந்தா, அங்கதான்” என்பார். ஒரு வறட்சி வருடம் தண்ணீர் வடிந்தபோது அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம். சேறு வெடித்துக் கிடந்தது. செருப்பைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அப்பாயி இறங்கினார்.