கிரேடு 2 ஃபேட்டி லிவர்னு ரிப்போர்ட் வந்திருக்கு, சிரோசிஸ் ஆயிடுமா?

பெரம்பூர்ல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க. வீட்டுக்காரருக்கு 43 வயசு, குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஆபீஸ்ல போட்ட ஹெல்த் செக்கப் கேம்ப்ல ஸ்கேன் பண்ணி 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்'னு கொடுத்துட்டாங்க. ரத்தத்துல பாக்கற கல்லீரல் என்சைம்கள் எஸ்ஜிபிடி 72, எஸ்ஜிஓடி 48, பிளேட்லெட் 2.4 லட்சம், எடை 78 கிலோ. மறுநாளே லேப் ஏஜென்ட் போன் பண்ணி 4,500 ரூபாய்க்கு லிவர் பேக்கேஜ் எடுக்கச் சொல்றாராம், மெடிக்கல் ஷாப்ல லிவர் டானிக் கொடுத்திருக்காங்க, பக்கத்து வீட்டு அக்கா கீழாநெல்லி பொடி கொண்டு வந்து கொடுத்திருக்காங்க. கடைசி வரில, 'மாமனாரும் குடிக்காதவர்தான், ஆனா கல்லீரல் சுருங்கித்தான் போனார், இவருக்கும் அப்படி ஆயிடுமா டாக்டர்'னு கேட்டிருக்காங்க.

அம்மா, முதல்ல அந்த கிரேடுங்கறதை ஓரமா வைங்க. பக்கத்துல இருக்கற கிட்னிய விட கல்லீரல் எவ்ளோ வெள்ளையா தெரியுதுன்னு கண்ணால பாத்து போடற நம்பர்தான் அது. காலைல ஒருத்தர் 1னு எழுதறதை சாயங்காலம் இன்னொருத்தர் 2ன்னு எழுதலாம். கொழுப்பு எவ்ளோ இருக்குன்னு அது தோராயமா சொல்லும், தழும்பு விழுந்திருக்கான்னு சொல்லாது. கல்லீரல் சுருங்கிப் போற சிரோசிஸுக்கு கொண்டு போறது தழும்புதான். கேம்ப்ல ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம் ஸ்கேன் வச்சு இந்த ஒரு வரிய எழுதி அனுப்பிடறாங்க, இடுப்பு சுத்தளவு கூட எடுக்கறதில்ல, வீட்டுல அன்னிக்கு ராத்திரி யாரும் தூங்கறதில்ல. இதப் பாத்து பாத்து எனக்கு சலிச்சுப் போச்சு.

தழும்பு இருக்க வாய்ப்பு எவ்ளோன்னு பாக்க 4,500 ரூபாய் வேணாம், கையில இருக்கற ரிப்போர்ட்டே போதும், ஃபிப்-4ன்னு ஒரு கணக்கு இருக்கு. வயசு 43ஐ எஸ்ஜிஓடி 48ஆல பெருக்குங்க, 2,064 வரும். எஸ்ஜிபிடி 72க்கு வர்க்கமூலம் எட்டரைகிட்ட (8.485), பிளேட்லெட் 2.4 லட்சம்னா 240 ஆயிரம், அந்த 240ஆல பெருக்கினா 2,036. முதல்ல வந்ததை இதால வகுத்தா 1.01. இது 1.3க்குக் கீழ இருந்தா பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி, 2.67க்கு மேல போனாதான் உடனே ஓடணும், நடுவுல இருந்தா கல்லீரல் எவ்ளோ இறுகியிருக்குன்னு காட்டற ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பாப்போம். உங்க வீட்டுக்காரர் கீழ் லெவல்ல இருக்கார்.

ஆனா நீங்க கடைசி வரில போகிற போக்குல சொன்னீங்களே மாமனார் விஷயம், அதைத்தான் நான் ரெண்டு தடவ படிச்சேன். குடிக்காதவர் கல்லீரல் சுருங்கி போனார்னா சர்க்கரை, எடை காரணமாவும் இருக்கலாம், ஹெபடைடிஸ் பி வைரஸாவும் இருக்கலாம். இந்த வைரஸ் வருஷக்கணக்கா உள்ள கிடந்தும் ஒரு தொந்தரவும் காட்டாது, மஞ்சள் காமாலை கூட வராம இருக்கும், பசங்க சின்ன வயசுல இருக்கறப்பவே குடும்பத்துக்குள்ள தொத்திக்கும், கொழுப்பும் வைரஸும் ஒரே கல்லீரல்ல சேந்தே இருக்கவும் செய்யும். அதனால 'கொழுப்புதான் காரணம்'னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி இருக்கான்னு காட்டற ஹெச்பிஎஸ்ஏஜின்னு ஒரு ரத்த டெஸ்ட், கூடவே ஹெபடைடிஸ் சி டெஸ்ட், இந்த ரெண்டும் பாத்தே ஆகணும். நீங்க அனுப்பின பேக்கேஜ் லிஸ்ட்ல வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்துன்னு எண்பதுக்கும் மேல ஐட்டம் இருக்கு, இந்த ரெண்டு மட்டும் இல்ல! கமிஷனுக்குப் போட்ட லிஸ்ட் அப்படித்தான் இருக்கும். 2018ல இருந்து மத்திய அரசோட ஹெபடைடிஸ் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரில இந்த டெஸ்டும் மருந்தும் இலவசம், உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம்தான், ஓபிக்கு காலைலயே போயிடுங்க. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்னு வந்தா நீங்களும் பசங்களும் டெஸ்ட் பண்ணணும், வைரஸ் இல்லாதவங்களுக்கு தடுப்பூசி மூணு டோஸ். தட்டு, டம்ளரை தனியா வைக்க வேணாம், சேந்து சாப்பிடறதால அது பரவாது, ரேசரையும் டூத் பிரஷ்ஷையும் மட்டும் பங்கு போட்டுக்காதீங்க.

அந்தப் பொடிய இன்னிக்கே நிறுத்திடுங்க. கீழாநெல்லிக்குப் பேர் வந்ததே, தானா ரெண்டு மூணு வாரத்துல இறங்கற காமாலைய அதுதான் இறக்குச்சுன்னு ஊரே நம்பினதாலதான். பொடில வேற என்ன கலந்திருக்குன்னு கொண்டு வந்த அக்காவுக்கே தெரியாது. கொரோனா சமயத்துல எதிர்ப்பு சக்திக்குன்னு சீந்தில் சாப்பிட்டு கல்லீரல் கெட்டவங்களைப் பத்தி மும்பை டாக்டர்கள் 2021ல எழுதினாங்க. என்கிட்டயும் பொடி பாக்கெட்டும் கையுமா மஞ்சக் கண்ணோட வந்து நிக்கறாங்க, 'இயற்கைதானே டாக்டர்'னு கேக்கறப்போ மனசு கஷ்டமா இருக்கும். லிவர் டானிக்கும் கொழுப்பைக் கரைக்காது, அந்தக் காசுக்கு முட்டையும் சுண்டலும் வாங்குங்க.

கரைக்கறது எடை குறையறதுதான். 78 கிலோல நாலு கிலோ போனாலே கொழுப்பு இறங்கும், ஆறுல இருந்து எட்டு கிலோ போச்சுன்னா கல்லீரல் வீக்கமும் அடங்கும். வாரத்துக்கு அரை கிலோ போதும், பட்டினி கிடந்து மளமளன்னு குறைச்சா பித்தப்பைல கல்லு வரும். எண்ணெயத்தான் எல்லாரும் குறை சொல்றாங்க, நான் முதல்ல கேக்கறது டீ. ஆபீஸ்ல நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா நாளைக்கு எட்டு ஸ்பூன், அதுக்கு மேல ஜூஸ், ராத்திரி பத்து மணிக்கு பரோட்டா. இதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, சோத்தைப் பாதியாக்கி காய் பொரியலை ரெண்டு பங்காக்குங்க, தினம் முக்கால் மணி நேரம் வேகமா நடக்கட்டும். சர்க்கரை போடாத காபி தாராளமா குடிக்கலாம், கல்லீரலுக்கு நல்லதுதான். ஆறு மாசம் கழிச்சு எஸ்ஜிபிடி மட்டும் திரும்ப பாத்தா போதும்.

கண்ணு மஞ்சளாச்சுன்னாலோ, வயிறு, கால் வீங்கினாலோ, தார் மாதிரி கருப்பா மலம் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ போன்ல யார்கிட்டயும் கேட்டுட்டு இருக்காம நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க.

மாமனாரோட பழைய ஃபைல் பீரோலயோ பரண்லயோ இருக்கான்னு தேடிப் பாருங்க. கடைசியா அட்மிட் ஆன டிஸ்சார்ஜ் சம்மரில ஹெச்பிஎஸ்ஏஜி ரிசல்ட் எழுதியிருக்க வாய்ப்பு இருக்கு. கிடைச்சா ஓபிக்குப் போகும்போது அதையும் கையோட எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.